அரிசோனா ஜாவலீனாவுக்கு அக்கரப்பத்தனையில் குறி

எனக்கு ஒரு வழிகாட்டி தேவைப்படும் என்று அறுபத்துநாலு வயது வரைக்கும் நான் நினைத்ததில்லை. நானே வழிகாட்டி. முப்பது வருடமாக வெளிநாட்டுக்காரர்களை இந்த மலைகளில் ஏற்றி இறக்குகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, மரக்கறி லொறியில் மூட்டை தூக்கி, அதே லொறியை ஓட்டி, பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, இன்றைக்கு இரண்டு வேனும் அக்கரப்பத்தனைக்கு மேலே ஆறு அறை விடுதியும் வைத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

காட்டுப்பன்றியைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் என்னிடம்தான் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குக் காவல் இருந்தவன் நான். பன்றி எந்தப் பக்கமாக இறங்கும், எங்கே படுக்கும், குட்டி போட்ட தாய் எவ்வளவு தூரத்தில் உறுமும் என்பதெல்லாம் அப்போதே மனப்பாடம். புத்தகத்தில் மனப்பாடம் பண்ணாததற்கு அதை வைத்து ஈடுகட்டிக்கொண்டேன்.

அரிசோனாவிலிருந்து ஒரு விருந்தாளி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஒரு விடியற்காலையில் அவரைப் புல்வெளி ஓரமாகக் குனிய வைத்துக் கூட்டிப்போய், ஒரு தாய்ப்பன்றியையும் ஏழு குட்டிகளையும் இருபது அடியில் காட்டினேன். மனுஷன் மூச்சு விடவில்லை. திரும்பி வரும்போது, நீங்கள் வேட்டையாடுவதில்லையா என்று கேட்டார். இந்த நாட்டில் பொழுதுபோக்குக்கு வேட்டையாடச் சட்டம் விடாது, நான் கண்ணுக்கு மட்டும் காட்டுகிறவன் என்றேன். கம்பிக் கண்ணி வைத்துப் பன்றி பிடிக்கிற திருட்டுப் பயல்கள் உண்டு, அதில் சிறுத்தை மாட்டிச் சாகிறது, அந்த மாதிரிக் கண்ணிகளை நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். கல்லும் நாகதாளியுமான ஒரு மலை. அதில் கட்டையாக, சாம்பல் நிறத்தில், கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பிராணி. ஜாவலீனா என்றார். அவர் ஊரில் அதற்குச் சட்டப்படி அனுமதிச்சீட்டு உண்டு. தைமாதக் குளிரில் வில்லும் அம்பும் மட்டும் எடுத்துக்கொண்டு போவார்களாம். அவருடைய சிநேகிதர் ஒருவர் வழிகாட்டி, வருடத்துக்கு ஆறே பேரைத்தான் கூட்டிப்போவார். "இங்கே நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். அங்கே வாருங்கள், தங்க இடம் என் வீடு" என்றார்.

வருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். நான் ஒரு காரியத்தை யோசித்துச் செய்ததைவிடச் செய்துவிட்டு யோசித்ததுதான் அதிகம். எல்லாமே நன்றாகத்தான் முடிந்திருக்கிறது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இங்க உள்ள பன்னியப் பாக்க அவுங்க அங்கேருந்து வாராங்க. அங்க உள்ள பன்னியப் பாக்க நீங்க இங்கேருந்து போறீங்க. ஆளுக்கொரு எடத்துல சும்மா இருந்தா என்னா?"

அவளுடைய அண்ணன், என் மச்சான், அப்போது எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பாஸ். அந்தப் பாஸை நாற்பது வருடமாக என் முன்னால் ஆட்டிக்கொண்டிருப்பவர்.

"நம்ம வீட்டுப் பின்னால வந்து சேம்பத் தோண்டுதே, அந்தப் பன்னிக்கிட்ட விசாவா கேக்குறாங்க மச்சான்?" என்றார்.

விசாவுக்குக் கொழும்பில் வரிசையில் நின்று அதையும் வாங்கினேன். டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தேன். மலைக்குளிருக்கு வாங்கிய ஜாக்கெட் இருந்தது, காலுக்கு நல்ல சப்பாத்து இருந்தது. பாக்கி ஒன்றே ஒன்று. அந்த வழிகாட்டி என்னைத் தன் ஆறு பேரில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் சேர்க்காவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

வழிகாட்டியோடு முதலில் வீடியோவில் பேசியது ஒரு காலை நேரம். அவருக்கு அது முந்தின நாள் மாலை. வேனில் பேசுகிற என் அரைகுறை இங்கிலீஷ் இதற்குப் போதாது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிற என் மகள்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். ஒல்லியான ஆள், வெள்ளை மீசை, வீட்டுக்குள்ளும் தொப்பி.

"அப்பா, மொதல்ல ஒன்னு சொல்றாரு. அது பன்னி இல்லையாம். பாக்கத்தான் பன்னி மாதிரியாம். வேற இனமாம்."

மச்சான் பின்னாலிருந்து, "அப்ப பன்னியே இல்லாத பன்னி வேட்டையா?" என்றார்.

வழிகாட்டி அடுத்ததாக, எத்தனை வருடமாக வில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ளதச் சொல்லும்மா. புடிச்சதே இல்லன்னு சொல்லு. ஆனா அவரு வயசுக்கு அவரு பாத்ததவிட நான் பாத்த பன்னி ஜாஸ்தின்னும் சொல்லு."

மகள் சொன்னது மிகவும் குட்டையாக இருந்தது. இரண்டாவது பாதியை முழுங்கிவிட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்த ஆள் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு கணக்காகச் சொன்னார். ஐந்து பேர் சேர்ந்தாகிவிட்டது. ஒரு இடம்தான் மிச்சம். இரண்டு மாதம் காத்திருப்பார். இருபது யார் தூரத்தில், ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அளவு வட்டத்துக்குள், ஐந்து அம்பில் ஐந்தும் விழ வேண்டும். அதை அவர் தன் கண்ணால் வீடியோவில் பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் இடம் வேறு ஆளுக்கு. காயப்பட்டு ஓடுகிற மிருகத்தைத் தன் வாழ்நாளில் இனிமேல் பார்க்க விரும்பவில்லை என்றார். அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காத ஒன்றும் சொன்னார். மலையில் தனக்கு முன்னால் யாரும் நடக்கக்கூடாதாம். முப்பது வருடமாக எல்லோருக்கும் முன்னால் நடந்த கால் என்னுடையது. இருந்தாலும், வெளிநாட்டுக்காரர்களிடம் நானும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

வில்லுக்குக் கண்டிக்குப் போனேன். அங்கே வில்வித்தை பழக்குகிற சிங்கள சார் ஒருவர் இருக்கிறார். நாற்பது றாத்தல் இழுவை உள்ள வில் ஒன்றை வாடகைக்குத் தந்தார். றாத்தல் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் அம்மா அந்தக் காலத்தில் றாத்தல் கணக்கில்தான் கொழுந்து நிறுத்துக் கொடுத்தவள், நாற்பது றாத்தல் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாணை இழுத்தேன். பாதி தூரத்தில் தோள் கிடுகிடு என்று ஆடியது. சார் சிரிக்காமல், "ஹெமின், ஹெமின்" என்றார். மெதுவாக என்று அர்த்தம். மூன்று நாள் அங்கேயே தங்கி, நிற்பதையும் இழுப்பதையும் விடுவதையும் படித்தேன். என் வாழ்க்கையில் ஒரு வாத்தியார் சொன்னதை முழுதாகக் கேட்டது அந்த மூன்று நாள்தான்.

திரும்பும் வழியில் ஹட்டனில் இரும்புச் சாமான் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் நின்றேன். முதன்முதல் வேனுக்குப் போல்ட் வாங்கிய காலத்திலிருந்து பழக்கம்.

"என்னங்க மொதலாளி, கையில வில்லு? யார அடிக்கப் போறீங்க?"

"சாக்க. அம்பு தாங்குற மாதிரி நல்ல சாக்கா குடுங்க நானா."

உரச் சாக்கு நாலு எடுத்துப் போட்டார். கார்மெண்ட் வெட்டுத்துணி எங்கே கிடைக்கும் என்றும் சொன்னார். "நல்லா மிதிச்சு மிதிச்சு அடைங்க. இல்லாட்டி அம்பு அந்தப் பக்கமா வந்து உங்க மாட்டுக்குச் சலாம் சொல்லும்."

விடுதிக்குப் பின்னால் தேயிலைக்குள் ஒரு நடைபாதை கீழே இறங்குகிறது. சாக்கைக் கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்து மண்சுவரில் சாய்த்துக் கட்டினேன். மனைவியின் பீங்கானைக் கவிழ்த்துச் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். அங்கேயிருந்து நூல் பிடித்து இருபது யார் அளந்தால் மேல்பாதையில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தக் கல்தான் என் இடம்.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு ஆட்களை நிறுத்தி, இன்னார் இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதே மாதிரி தினமும் ஆறு மணிக்கு நானே எனக்குப் பெரட்டுப் போட்டேன். அன்றைக்கு ஐம்பது அம்பு. மழை பெய்தால் கோட்டுப் போட்டுக்கொண்டு ஐம்பது அம்பு. பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"மொதலாளி, தேயிலைக்கு ஊசியா போடுறீங்க?"

"அந்தச் சாக்கு ஒங்கள என்னா பண்ணுச்சுங்க?"

"நீங்க எடுங்கம்மா ஒங்க கொழுந்த. அமெரிக்காவுலேருந்து வந்து சொல்றேன் கதைய" என்பேன்.

முதல் வாரம் அம்பெல்லாம் தேயிலைக்குள் போய் அவற்றைத் தேடுவதே வேலையாக இருந்தது. மூன்றாவது வாரம் சாக்கைத் தப்பவில்லை. ஐந்தாவது வாரம் ஐந்தில் நாலு வட்டத்துக்குள். ஏழாவது வாரம் ஐந்தில் ஐந்து, ஒரு நாளல்ல, தொடர்ந்து நாலு நாள். அறுபத்துநாலு வயதில் இந்தத் தோளை வைத்துக்கொண்டு செய்தேன்.

மச்சான் ஒரு நாள் வந்து பார்த்தார். வட்டத்துக்குள் நின்ற ஐந்தையும் விரல் விட்டு எண்ணினார். பிறகு, "இப்புடி ஒளிச்சு ஒளிச்சு அடிச்சா யாருக்குத் தெரியும்? பந்தடிக்கிற கிரவுண்டுல வச்சு அடிங்க மச்சான். நாலு சனம் பாக்கட்டும்" என்றார்.

வேறு யாராவது என்றால் யோசித்திருப்பேன். சொன்னது மச்சான். "நாலு சனம் எதுக்கு, நாப்பது சனத்தக் கூட்டியாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. வேலையில்லாத நாள், நாற்பதுக்கு மேலேயே வந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொல்ல அந்தப் பந்தடிக்கிற கிரவுண்டு ஒன்றுதான் இருக்கிறது. மச்சான் நாடா வைத்து இருபது யார் அளந்தார். "ஒரு அங்குலம் கூடாது, கொறையாது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சனத்தை எனக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்தினார். மகள் போனைப் பிடித்தாள். அந்தப் பக்கம் வெள்ளை மீசை.

முதல் அம்பை விட்டேன். வட்டத்துக்குக் கீழே. கை பதறியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவதும் கீழே. மூன்றாவதை எப்போதும் போல நிதானமாக, எந்தக் குறையும் இல்லாமல் விட்டேன். அதுவும் கீழேதான். நாலு, ஐந்து. ஒன்றுகூட வட்டத்தைத் தொடவில்லை.

கூட்டத்தில் யாரோ, "பன்னி பொழைச்சிருச்சு" என்றார்கள். ஒரே சிரிப்பு. என் மனைவி சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் நான் தோற்றதை அவள் பார்த்ததில்லை, எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகள் மெல்லச் சொன்னாள். "மன்னிக்கச் சொல்றாரு அப்பா. இன்னும் தயாராகலையாம். எடத்த வேற ஆளுக்குக் குடுக்கப் போறேங்குறாரு. நன்றி சொல்லி வைக்கவா?"

நான் சாக்கைப் பார்த்தபடியே நின்றேன். ஐந்து அம்பும் ஒரே இடத்தில் நின்றன. என் உள்ளங்கையால் ஐந்தையும் மூடலாம். வட்டத்தின் நடுவிலிருந்து சரியாக ஒரு சாண் கீழே. குறி தெரியாதவன் அம்பு நாலு பக்கமும் சிதறும். இது சிதறவில்லை. நான் தப்பாக அடிக்கவில்லை, ஏதோ ஒன்று என்னை மொத்தமாக ஒரு சாண் இறக்கியிருக்கிறது.

"போன வைக்காதம்மா. அம்புகிட்ட கொண்டுபோய் காட்டு."

காட்டினாள். வெள்ளை மீசை போனுக்குக் கிட்ட வந்தது. தொப்பியைக் கழற்றினார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். மகள் போனைத் திருப்பி, விடுதிக்குப் பின்னாலிருக்கிற சரிவைக் காட்டினாள். மேலே கல், கீழே கான், நடுவில் செங்குத்தாகத் தேயிலை.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு கேட்டது. கேலிச் சிரிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். மகள் வேகவேகமாகச் சொன்னாள். "சரிவுல அடிக்கிறப்ப அம்பு கொறைச்சலாத்தான் கீழ எறங்குமாம் அப்பா. அதே தூரம் சமதரையில அடிச்சா கூட எறங்குமாம். நீங்க சரிவுக்குக் குறி பழகிட்டு இங்க வந்து நின்னுருக்கீங்க."

பாருங்கள், பிறந்ததிலிருந்து சரிவிலேயே நின்று, சரிவிலேயே நடந்து, சரிவிலேயே தூங்கினவன் நான். சமதரைக்கு வேறு கணக்கு இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? கண்டிச் சாருக்கும் நான் எங்கே சாக்குக் கட்டப் போகிறேன் என்பது தெரியாது.

"சரிம்மா, அவரு ஊரு எப்புடின்னு கேளு. சமதரையா, சரிவா?"

கேட்டாள். தன்னோடு நாலு நாள் நடந்தால் ஒரு மேசை போடுகிற அளவுக்குக்கூடச் சமதரை பார்க்க முடியாது என்றார். பிறகு அவரே சொன்னார்: அந்தக் கல்லுக்குப் போங்கள், நான் காத்திருக்கிறேன்.

நாற்பது சனமும் என் பின்னாலேயே மலை ஏறியது. மச்சான் சாக்கைத் தலையில் சுமந்து வந்து, கான் ஓரத்தில் பழைய இடத்திலேயே கட்டினார். அவராகத்தான் தூக்கினார், நான் சொல்லவில்லை. போனுக்குச் சிக்னல் கிடைக்க மகள் தண்ணித் தாங்கியின் மேல் ஏறி நின்றாள். நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பிலிருந்து குனிந்து, ஐந்து அம்பை விட்டேன். ஐந்தும் வட்டத்துக்குள். ஐந்தாவது அம்பு நாலாவதன் இறகைச் சிராய்த்துக்கொண்டு போய் நின்றது.

சனம் கை தட்டியது. வெள்ளை மீசை தட்டவில்லை. விரலைக் கீழே காட்டி ஏதோ சொன்னார்.

"இப்ப கீழ போயி மேல பாத்து அடிக்கச் சொல்றாரு அப்பா. மிருகம் எப்பவும் நமக்குக் கீழதான் நிக்குமான்னு கேக்குறாரு."

மேல்நோக்கி ஒரு அம்புகூட நான் விட்டதில்லை. அதை முகத்தில் காட்டவில்லை. மச்சான் சாக்கைக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மண்சுவரில் கட்டிவிட்டு அதன் பின்னால் ஒதுங்கினார், நான் சனத்தோடு கானுக்கு இறங்கினேன். இறங்கும்போதே யோசித்தேன். ஏறினாலும் இறங்கினாலும் சரிவு அதே சரிவுதான். இறங்கும்போது அம்பு குறைச்சலாக இறங்குமென்றால் ஏறும்போதும் அப்படித்தான் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு பாஸாகாமலே இவ்வளவும் கண்டுபிடித்தேன். குறியை மாற்றவில்லை.

முதல் அம்பு சுண்ணாம்புக் கோட்டிலேயே போய் நின்றது. எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள், சாக்குக்குப் பக்கத்தில் அவர்தான் இருந்தார். மண்சுவருக்குப் பின்னாலிருந்து வந்து, குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். என்னைத் தோற்கடிக்க அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஒரு வார்த்தை போதும்.

"உள்ளதான்! கோட்டுக்கு உள்பக்கம்!" என்று மேலேயிருந்து கத்தினார். "இந்தா, காட்டும்மா அவருக்கு!"

அவர் மறுபடி சுவருக்குப் பின்னால் போகும்வரை காத்திருந்தேன். மிச்சம் நாலையும் ஒவ்வொன்றாக விட்டேன். நாலும் உள்ளே.

கொழுந்து எடுக்கிற பெண்கள் குலவை போட்டார்கள். என் மனைவி தலையை நிமிர்த்தி, பக்கத்தில் நின்றவளிடம், "தெரிஞ்சதுதானே" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்த அதே மனைவி.

வழிகாட்டி எழுந்து போய்ச் சுவரிலிருந்த ஒரு பலகையை எடுத்து வந்தார். அதில் ஐந்து வரி எழுதியிருந்தது. என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். மகள் தாங்கியின் மேலிருந்து சத்தமாகச் சொல்ல, அவர் ஆறாவது வரியில் எழுதி, பலகையை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. என் பெயர் மட்டும் தெரியும். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது.

போனை வைத்தபிறகு மச்சான் அம்புகளைப் பிடுங்கித் துடைத்து, கொத்தாகக் கட்டி என் கையில் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மச்சான், அங்க சாக்குக் கட்ட, அம்பு பொறுக்க எல்லாம் ஆள் சேக்க மாட்டாங்களா?"

"ஆறு பேருதானாம் மச்சான். பலகை நெறஞ்சிருச்சு."

"அடுத்த வருசத்துக்குக் கேட்டுப் பாருங்களேன்."

"கேக்குறேன். அதுக்கு முன்னாடி நாளைக்கிக் காலையில ஆறு மணிக்கு இந்தக் கல்லுக்கு வந்துருங்க. பெரட்டு இருக்கு."